ஓதம் திரும்பும் ஊர்

போர்ச்சுகலில் பேஜா நகரத்திலிருந்து மேர்த்தொலாவுக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். போக ஒரு மணி நேரம் ஆனது. திரும்பி வர மூன்று நாள் ஆனது.

தப்பு என்னுடையதுதான். நிறுத்தத்தில் ஒட்டியிருந்த கால அட்டவணையில் மாலைப் பேருந்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறி இருந்தது. அதற்குப் 'பள்ளி நாட்களில் மட்டும்' என்று அர்த்தமாம். எதிரே காபிக்கடை வைத்திருந்த அம்மாள் சொல்லித்தான் தெரிந்தது. ஜூன் கடைசி, வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடங்கள் மூடியாயிற்று. "அப்போ நாளைக்கு?" என்றேன். "நாளைக்கு சனிக்கிழமை" என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. திங்கட்கிழமை காலை வரை நான் அந்த ஊர்க்காரன் என்று முடிவாயிற்று.

அப்போது வேலை நிமித்தம் லிஸ்பனில் ஓராண்டு தங்கியிருந்தேன். அலுவலகத்தில் உடன் வேலை பார்த்த பேஜாக்காரர் ஒருவர்தான், "எல்லாரும் போகிற ஊருக்கே நீயும் போகாதே, மேர்த்தொலா போய்ப் பார்" என்றார். ஒரு பகல் போதும் என்று நினைத்துக் கிளம்பியவன் மாற்றுச் சட்டைகூட எடுத்துப் போகவில்லை.

போர்ச்சுகலில் மொத்தம் 308 நகராட்சிகள். நகராட்சி என்றவுடன் ஓர் ஊரை மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் 'கொன்செல்யு' என்று சொல்வது ஒரு தலைநகரையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்கள், காடு, மேடு எல்லாவற்றையும் சேர்த்து. நாட்டின் தென்கிழக்கில், ஸ்பெயின் எல்லையை ஒட்டி, கீழ் அலெந்தேஜு என்ற பகுதியில் மேர்த்தொலா இருக்கிறது. பரப்பு ஏறக்குறைய 1,293 சதுர கிலோமீட்டர். போர்ச்சுகலின் மிகப் பெரிய நகராட்சிகளில் அதுவும் ஒன்று. ஆனால் 2021 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 6,200 சொச்சம் பேர்தான். ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஐந்து பேர்கூடத் தேறாது. பேருந்தில் வரும்போதே அது கண்ணில் படுகிறது. காய்ந்த புல், அங்கங்கே கருவாலி மரம், அதன் நிழலில் ஆடுகள், அப்புறம் மறுபடியும் காய்ந்த புல். நெடுநேரம் கழித்து, இரண்டு ஆறுகள் சேரும் மூக்கில், பாறைமேல் வெள்ளை வெள்ளையாய் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகள். உச்சியில் கோட்டை. அதுதான் ஊர்.

இத்தனை பொட்டல் நடுவே இந்த இடத்தில் ஏன் ஊர் வந்தது? பதில் ஆற்றில் இருக்கிறது. குவாடியானா ஸ்பெயினில் பிறந்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி அட்லாண்டிக்கில் விழுகிறது. கடைசி எழுபது கிலோமீட்டர் தூரத்துக்குக் கடலின் ஓதம் ஆற்றுக்குள் ஏறி வருகிறது. நாளுக்கு இரண்டு முறை ஆறு தயங்கி, நின்று, மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. அந்த ஏற்றம் தீர்ந்துபோகிற இடம்தான் மேர்த்தொலா. படகுக்காரன் ஓதத்தோடு ஏறி வந்து, ஓதத்தோடு இறங்கிப் போகலாம். அதற்கு மேலே பாறையும் துள்ளலும்தான், படகு போகாது. ஆகவே உள்நாட்டிலிருந்து செம்பு, வெள்ளி, கோதுமை, எண்ணெய் எது வந்தாலும் இங்கே இறக்கிப் படகில் ஏற்ற வேண்டும். மத்தியதரைக் கடலிலிருந்து எது வந்தாலும் இங்கே இறக்கிக் கழுதைமேல் ஏற்ற வேண்டும். சரக்கு கை மாறும் இடத்தில் சந்தை வரும், சுங்கம் வரும், கோட்டை வரும்.

ஆற்றின் பெயரே வேடிக்கையானது. ரோமானியர் அதை 'ஆனாஸ்' என்றார்கள். அராபியர் வந்து 'வாதி ஆனா', அதாவது ஆனா ஆறு, என்றார்கள். அது குவாடியானா ஆயிற்று. போர்ச்சுகீசியர் அதற்கு முன்னால் 'ரியூ' என்று இன்னொரு ஆற்றைச் சேர்த்துக்கொண்டார்கள். நாம் 'நடு சென்டர்' என்று சொல்வதில்லையா, அந்த வகை.

நான் தங்கிய விடுதியில் ஐந்தாறு அறைகள். நடத்துபவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. முதல் நாள் இரவு பசிக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டதற்கு அசோர்டா செய்து வைத்தார். பழைய ரொட்டியைத் துண்டு போட்டு, பூண்டையும் உப்பையும் கொத்தமல்லித் தழையையும் உரலில் இடித்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, மேலே ஒரு முட்டை. அவ்வளவுதான். இடித்த கொத்தமல்லியின் வாசனை மாடிப்படி வரை ஏறி வந்தது. லிஸ்பனில் பல மாதமாக அந்த வாசனைக்கு ஏங்கிக் கிடந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? இல்லாதவர் வீட்டுச் சாப்பாடு என்று அவரே சொன்னார். இருந்ததை வைத்துச் செய்தது. இந்த வார்த்தையை ஊருக்கே சொல்லலாம் என்பது மறுநாள் புரிந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே வெயில் சுட்டது. இந்தப் பகுதியில் கோடையில் 40 டிகிரி என்பது செய்தியே இல்லை. கோட்டைச் சுவர்களுக்கு மேல் சின்ன வல்லூறுகள் கீச்சிட்டபடி சுற்றின. ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்துக்கு முன்பே வந்து, இடிந்த சுவர்களின் பொந்துகளில் குஞ்சு பொரிப்பவை. ஐரோப்பாவில் பல இடங்களில் பழைய கட்டடங்களைப் பூசி மெழுகி, இந்தப் பறவைக்குப் பொந்து இல்லாமல் செய்துவிட்டார்கள். இங்கே பூசக் காசில்லை, பறவைகள் பிழைத்துக்கொண்டன.

கோட்டைக்குப் போகும் வழியில் மாதா கோயில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளையடித்த சதுரக் கட்டடம், கூரையோரம் முழுக்கச் சின்னச் சின்ன முனைகள். உள்ளே போனவுடன் ஏதோ சரியில்லை என்று கால் நிற்கிறது. கோயில் என்றால் நீளமாக, வாசலிலிருந்து பீடத்தை நோக்கி ஓடும். இது ஓடவில்லை. அகலமாக நாலாபக்கமும் பரந்து நிற்கிறது, நடுவே பன்னிரண்டு தூண்கள். பக்கச் சுவரில் ஒரு கதவு, அதன் வளைவு குதிரை லாட வடிவில். பீடத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். சுவரில் குழிவான ஒரு மாடம். அதன்மேல் சுண்ணாம்புச் சாந்தில் பூவிதழ் போல வளைவுகள், மூன்று. விளிம்புகள் தேய்ந்து பாதி கரைந்திருக்கின்றன. மக்காவின் திசையைக் காட்டும் மிஹ்ராப். இது 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், மொராக்கோவிலிருந்து ஆண்ட அல்மொஹாதுகள் காலத்தில் எழுந்த பள்ளிவாசல்.

1238இல் இரண்டாம் சாஞ்சோ மன்னன் காலத்தில் சாந்தியாகு சபை என்ற கிறித்தவத் துறவிப்படையின் வீரர்கள் ஊரைப் பிடித்தார்கள். பள்ளிவாசலை இடிக்கவில்லை. மரியாளுக்கு அர்ப்பணித்து உள்ளே பீடம் வைத்தார்கள். 1510 வாக்கில் எல்லைக் கோட்டைகளை வரைந்துவர மன்னர் மானுவேல் அனுப்பிய துவார்த்தே தெ ஆர்மஸ் இந்த ஊரையும் வரைந்திருக்கிறார். அதில் பாங்கு சொல்லும் கோபுரம் அப்படியே நிற்கிறது. ஊர் பிடிபட்டு 270 ஆண்டுக்குப் பிறகும்! அதன் பின்புதான் கூரையை மாற்றி இப்போதுள்ள வளைவுகளைக் கட்டினார்கள். மிஹ்ராபும் லாட வளைவுக் கதவுகளும் சுண்ணாம்புக்குள் மறைந்து கிடந்து, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் நடந்த பழுதுபார்ப்பில் மீண்டும் வெளியே வந்தன.

சுற்றுலாக் கையேடுகள் இதை மத நல்லிணக்கத்தின் சின்னம் என்று எழுதுகின்றன. எனக்கு அந்தப் பேச்சு ஒட்டவில்லை. வாளோடு வந்தவர்களுக்கு நல்லிணக்கம் கவலையாக இருந்திருக்காது. உறுதியான சுவரும் கூரையும் உள்ள கட்டடம் கையில் கிடைத்தது, வைத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த நூற்றாண்டுகளில் அதை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டப் பணம் இருந்திருந்தால் கட்டியிருப்பார்கள். போர்ச்சுகலில் பள்ளிவாசலாக இருந்தது பளிச்சென்று தெரியும்படி நிற்கும் கோயில் இது ஒன்றுதான் என்கிறார்கள். காரணம் ஊரின் பெருந்தன்மை இல்லை, ஊரின் ஏழ்மை.

கோட்டை வாசலருகே குதிரைமேல் ஒரு சிலை. வாளுயர்த்திய கிறித்தவ வீரன் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் இப்ன் காசி. இந்த மனிதரின் கதை தனி. தெற்கே சில்வெஸ் என்ற ஊர்ப் பக்கத்தில் பிறந்தவர், மூதாதையர் இஸ்லாத்துக்கு மாறிய உள்ளூர்க் கிறித்தவர்கள். அரசாங்கக் கணக்கு வேலையில் இருந்தவர் சொத்தை விற்றுத் தானம் செய்துவிட்டு சூஃபியாகிச் சீடர்களைச் சேர்த்தார். 1144இல் அந்தச் சீடர்கள் மேர்த்தொலாக் கோட்டையைப் பிடித்தார்கள். இவர் இங்கிருந்து ஆண்டார், தம் பெயரில் நாணயம்கூட அடித்தார். சுற்றியிருந்த தலைவர்களோடு சண்டை முற்றியபோது மொராக்கோவிலிருந்து அல்மொஹாதுகளைக் கூப்பிட்டவரே இவர்தான். வந்தவர்கள் திரும்பிப் போகிற ஜாதி இல்லை என்று தெரிந்ததும், போர்ச்சுகலின் முதல் மன்னர் அஃபோன்சு என்ரிக்கெசோடு கைகோத்தார். மன்னர் அனுப்பிய பரிசில் ஒரு குதிரையும் கேடயமும் ஈட்டியும் இருந்தனவாம். சில்வெஸ் மக்களுக்கு அது பொறுக்கவில்லை. 1151இல் கொன்றுவிட்டார்கள். பரிசாக வந்த அதே ஈட்டியில் அவர் தலையைச் செருகித் தூக்கினார்கள் என்று பழைய கதை ஒன்று உண்டு. அவர் எழுதிய ஞான நூலுக்குப் பிற்பாடு பெரிய சூஃபி ஞானி இப்ன் அரபியே உரை எழுதினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெறும் சண்டைக்காரர் இல்லை.

கோட்டையின் பெரிய கோபுரம் 1292இல் சாந்தியாகு சபையினர் கட்டியது. அதன் உச்சியில் நின்று கீழே பார்த்தால் ஊரின் முழுக் கணக்கும் விரிகிறது. கோட்டைக்கும் கோயிலுக்கும் நடுவே உள்ள சரிவில்தான் தோண்டியிருக்கிறார்கள். மேல் அடுக்கில் 12ஆம் நூற்றாண்டு முஸ்லிம் குடும்பங்களின் வீடுகள். நடுவில் முற்றம், சுற்றி அறைகள், மூலையில் கழிப்பிடம், அதிலிருந்து தெருச் சாக்கடைக்குப் போகும் வாய்க்கால். அதற்குக் கீழே 6ஆம் நூற்றாண்டுக் கிறித்தவர்களின் ஞானஸ்நானத் தொட்டி, எண்கோணத்தில். பக்கத்திலேயே சிறகுள்ள குதிரைமேல் வந்து அரக்கியைக் குத்தும் கிரேக்க வீரனின் கதை சில்லுக்கல் தரையில். அதற்கும் கீழே ரோமானியரின் நிலவறைக் கூடம், ஏறக்குறைய 30 மீட்டர் நீளம். பின்னால் வந்தவர்கள் அதைத் தண்ணீர்த் தொட்டியாக்கிக்கொண்டார்கள். ஒருவர் சுவர்மேல் இன்னொருவர் சுவர்.

ரோமானியர் காலத்தில் இந்த ஊர் மிர்த்திலிஸ். சொந்தமாக நாணயம் அடிக்கும் அளவுக்கு வசதி. அந்த நாணயத்தில் அவர்கள் பொறித்தது அரசன் முகத்தை அல்ல, ஒரு மீனை. இன்னொரு பக்கம் கோதுமைக் கதிர். ஆறும் நிலமும், வேறென்ன இருக்கிறது இங்கே?

பழைய கிறித்தவக் கல்லறைகள் கிடைத்த இடத்தை மூடி ஓர் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். அங்கே ஒரு கல்வெட்டின் முன்னால் வெகுநேரம் நின்றேன். லத்தீனில், லாட வளைவு ஒன்றுக்குள் எழுதியது. அந்திரேயாஸ் என்பவருடையது. இறைவனின் ஊழியன், மேர்த்தொலாத் திருச்சபையின் பாடகர்களுக்குத் தலைவன், முப்பத்தாறு ஆண்டு வாழ்ந்தான். கடைசி வரியில் தேதி. அவர்கள் அப்போது வழங்கிய ஆண்டுக்கணக்கில் 563 என்று இருக்கிறது, 38 கழித்தால் 525, மார்ச் 30. ரோமப் பேரரசு மேற்கில் விழுந்து ஐம்பது ஆண்டு ஆகிவிட்ட காலம். ஊருக்கு ஊர் கொள்ளையும் குழப்பமும் என்று நாம் படிக்கிற காலம். ஆனால் இந்தப் பாறை ஊரில் ஒரு பாடகர் குழு இருந்திருக்கிறது, அதற்குத் தலைவன் இருந்திருக்கிறான், அவன் செத்தபோது நல்ல கல்லில் அழகாக எழுத்து வெட்ட ஆள் இருந்திருக்கிறது. கப்பல் வந்துகொண்டிருந்தவரை ஊருக்கு எல்லாமும் வந்துகொண்டிருந்தது.

கப்பல் எப்போது நின்றது? ஒரே நாளில் இல்லை. 1238க்குப் பிறகு, இந்த ஆற்றையும் வட ஆப்பிரிக்காவையும் கிழக்கையும் இணைத்த கடல் வழி துண்டு துண்டானது. நாடு லிஸ்பன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மொராக்கோக் கரையில் போர்ச்சுகீசியர் பிடித்த கோட்டைகளுக்குக் கோதுமை அனுப்பிய 15, 16ஆம் நூற்றாண்டுகளில் துறைக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அதுவும் போனது. அப்புறம் மூன்று நூற்றாண்டு பெரிதாக ஒன்றுமில்லை. நானும் அதைத் தாண்டிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடுதிக்கார அம்மாளின் தம்பி தன் காரில் சாவ் தொமிங்குஷ் சுரங்கத்துக்குக் கூட்டிப்போனார். கிழக்கே பதினேழு கிலோமீட்டர். அவர்களுடைய அப்பா அங்கே வேலை பார்த்தவர். வழியெல்லாம் பேசியவர் இடம் நெருங்க நெருங்கப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

ரோமானியரே அங்கே தோண்டியிருக்கிறார்கள். மறந்துபோன அந்த இடத்தை 1854இல் நிக்கோலாவ் பியாவா என்ற இத்தாலியர் மறுபடி கண்டுபிடித்தார். சீக்கிரமே அது மேசன் அண்ட் பேரி என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்குப் போனது. தோண்டியது பைரைட் என்னும் கந்தகக் கல். அதிலிருந்து செம்பு எடுக்கலாம், கந்தக அமிலம் காய்ச்சலாம். இங்கிலாந்தின் தொழிற்சாலைகளுக்கு அமிலம் இல்லாமல் ஒன்றும் ஓடாத காலம். பாறையை வெட்டி, சொந்த ரயில் பாதை போட்டு, குவாடியானாவும் சான்சா ஆறும் சேருமிடத்தில் பொமராவ் என்ற துறையைக் கட்டி, நேரே கப்பலில் ஏற்றினார்கள். மேர்த்தொலாத் துறையின் பிழைப்பு இருபது கிலோமீட்டருக்குள் இன்னொரு துறைக்குப் போய்விட்டது. போர்ச்சுகலில் முதலில் மின்விளக்கு எரிந்த இடங்களில் இந்தச் சுரங்க ஊரும் ஒன்று என்று பெருமையாகச் சொல்வார்கள். கம்பெனி முதலாளி மேசனுக்குப் பொமராவ் பிரபு என்று பட்டமும் கிடைத்தது.

அம்மாளின் தம்பி என்னைத் தொழிலாளர் குடியிருப்புக்கு அழைத்துப்போனார். ஒன்றோடொன்று முதுகு ஒட்டிய நீள வரிசைகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, பதினாறு சதுர மீட்டர். இப்போது இரண்டு மூன்று அறைகளைச் சேர்த்து, திறப்பெல்லாம் வெட்டி, ஒழுங்காக்கி வைத்திருக்கிறார்கள். பழைய நிலையில் ஒன்றைக் காட்டினார். நாலு எட்டு வைத்தால் எதிர்ச் சுவர் வந்துவிடுகிறது. வலது பக்கம் அடுப்பு, மேலே கரி. எட்டுப் பேர் இங்கே படுத்தோம் என்றார். பிறகு, "சென் ஜனெலா" என்றார். ஜன்னல் இல்லாமல்.

எனக்கு அந்தச் சொல்லை மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. ஜன்னல் அவர்கள் நமக்குத் தந்த சொல். ஜனெலா ஜன்னல் ஆயிற்று, ஷாவெ சாவி ஆயிற்று, மேசா மேசை, ஆர்மாரியு அலமாரி, துவால்யா துவாலை, லெயிலாவ் ஏலம். கப்பலில் கிழக்கே வந்தவர்கள் வீட்டில் இருந்த சாமான்களின் பெயர்கள் எல்லாம் நம் வீட்டுக்குள் வந்துவிட்டன. இந்த வீட்டில் அவற்றில் எத்தனை இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். மேசை இருந்திருக்கலாம். கதவுக்குச் சாவி இருந்திருக்கலாம்.

ஆங்கிலேயர் பக்கம் வேறு உலகம். மேலாளருக்கு மாளிகை, டென்னிஸ் ஆட இடம், தனிக் கல்லறை. மாளிகை இப்போது தங்கும் விடுதி. கம்பெனிக்குச் சொந்தக் காவல்படை வேறு இருந்தது. 1966இல் சுரங்கத்தை மூடினார்கள். தண்டவாளத்தைக்கூடப் பெயர்த்து எடுத்தாயிற்று. மிச்சம் இருப்பது பள்ளமும் அதில் தேங்கிய தண்ணீரும். திராட்சை ரச நிறம், கரையில் ஆரஞ்சு, காவி, கந்தக மஞ்சள். கையை விட்டால் தோல் எரியும் அமிலம். பார்க்க அழகாக இருக்கிறது, அதுதான் சங்கடம். படம் எடுக்கலாமா வேண்டாமா என்று நான் தயங்கியதைப் பார்த்து, "எடுங்க, எல்லாரும் எடுக்கிறார்கள்" என்றார். நாலு படம் எடுத்தேன். அவர் காருக்குத் திரும்பிவிட்டார்.

சுரங்கம் மட்டும் ஊரைக் காலி செய்யவில்லை. 1929இல் அரசாங்கம் கோதுமை இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. இத்தாலியில் முசோலினி செய்ததைப் பார்த்து, நாட்டுக்கு வேண்டிய கோதுமையை நாட்டிலேயே விளைவிக்கிறோம் என்று. இந்த மண் பலகைக்கல் பாறைமேல் ஒரு சாண் படிந்த மண். சரிவுகளில் புதரை வெட்டி உழுதார்கள். சில ஆண்டு விளைந்தது, அப்புறம் மழை வந்து மண்ணை ஆற்றுக்குக் கொண்டுபோனது. 1960களில் இதே நகராட்சிக்குள், ஒரு மழையில் எவ்வளவு மண் கரைகிறது என்று அளக்கவே வால் ஃபொர்மோசுவில் ஓர் ஆய்வுப் பண்ணை வைத்தார்கள். மண் போனபின் அளவுகோல் வந்தது. எல்லைக் கிராமங்களில் பலர் ராத்திரியில் ஆற்றைத் தாண்டி ஸ்பெயினுக்குக் காபிக்கொட்டை கடத்திப் பிழைத்தார்கள். சந்தானா தெ காம்பஷ் கிராமத்தில் கடத்தலுக்கென்றே ஒரு குட்டி அருங்காட்சியகம் உண்டு. மற்றவர்கள் லிஸ்பன் புறநகர்களுக்கும் பிரான்சுக்கும் போனார்கள். 1950இல் ஏறக்குறைய 29 ஆயிரம் பேர் இருந்த நகராட்சி, 1981இல் 11 ஆயிரத்துச் சொச்சம். இப்போதைய கணக்கை மேலே சொன்னேன்.

இந்தச் சரிவின் நடுவில்தான் கிளாவ்தியு தோரெஸ் வந்தார். சர்வாதிகாரி சாலசாரின் ஆட்சியை எதிர்த்துச் சிறைக்குப் போனவர், சின்னப் படகில் மொராக்கோவுக்குத் தப்பியவர், ருமேனியாவில் பல ஆண்டு நாடுகடந்து வாழ்ந்தவர். அந்த ஆட்சியைக் கவிழ்த்த 1974 புரட்சிக்குப் பின் திரும்பி லிஸ்பனில் வரலாறு கற்பித்தார். மேர்த்தொலாவின் அப்போதைய மேயர் அவருடைய மாணவர். வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். வந்தவர் கோட்டைச் சரிவில் காலடியில் கிடந்த பானை ஓடுகளைப் பார்த்தார். 1978இல் மேர்த்தொலா தொல்லியல் களம் தொடங்கியது. தோரெஸ் குடும்பத்தோடு அங்கேயே குடியேறிவிட்டார். கண்டெடுத்ததைத் தலைநகருக்கு அனுப்பவில்லை. ஊருக்குள்ளேயே, எது எங்கே கிடைத்ததோ அங்கங்கே வைத்தார்கள். நகராட்சி அலுவலகத்தின் நிலவறையில் ரோமானிய வீடு ஒன்று இருக்கிறது. மேலே வரி கட்டிவிட்டுக் கீழே இறங்கிப் பார்க்கலாம். 1991இல் அவருக்கு நாட்டின் பெரிய விருதான பெசோவா பரிசு கொடுத்தார்கள்.

அவர் சொல்லிவந்தது ஒன்று. போர்ச்சுகலின் வரலாற்றை இடைவெட்டிப் போன அன்னியர்களாக முஸ்லிம்களைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் இங்கே பெருவாரியானவர்கள் எங்கிருந்தும் படையெடுத்து வரவில்லை. இருந்த மக்களே வணிகர்களோடு பழகி மெல்ல மெல்ல மாறினார்கள். இதை எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் இஸ்லாமிய அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தால் வாதம் மறந்துபோகிறது. வெள்ளைப் பூச்சின்மேல் பச்சையும் பழுப்புக் கருப்பும். ஒரு மான் பாய்கிறது, அதன்மேல் வேட்டை நாயும் ராஜாளியும். மானின் கண் பெரிதாக, கொஞ்சம் ஆச்சரியத்தோடு. உடைந்த துண்டுகளைச் சேர்த்து ஒட்டிய கோடுகள் மானின் காலை வெட்டிப் போகின்றன. இதில்தான் யாரோ சோறு தின்றிருக்கிறார்கள்.

2001 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை மே மாதத்தில் இஸ்லாமியத் திருவிழா நடத்துகிறார்கள். மொராக்கோவிலிருந்து கடைக்காரர்கள் வருவார்கள், தெருவுக்கு மேல் துணிப்பந்தல் போட்டுச் சந்தை கூடும். அந்த நாலு நாளும் இங்கே நிற்க இடம் இருக்காது, மற்ற நாளில் நாய்க்கே தெருவில் துணை இல்லை என்று காபிக்கடை அம்மாள் சிரித்தார்.

ஞாயிறு மாலை சுரங்கத்திலிருந்து திரும்பும் வழியில் விடுதிக்கார அம்மாளின் தம்பி புலு து லோபு அருவிக்கும் காரை விட்டார். நான் கேட்கவில்லை. வடக்கே, மண் பாதையில் கொஞ்ச தூரம் குலுங்கிப் போக வேண்டும். ஓநாய்த் தாவல் என்று பொருள். அகலமான ஆறு திடீரென்று பாறை இடுக்குக்குள் நுழைந்து பதின்மூன்று பதினான்கு மீட்டர் கீழே விழுகிறது. துரத்தப்பட்ட ஓநாய் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தாவிவிடும் என்பார்களாம். பனியுகத்தில் கடல் மட்டம் இறங்கியபோது ஆறு தன் முகத்துவாரத்திலிருந்து பின்னோக்கிப் படுகையை அரித்துக்கொண்டே வந்தது. அந்த அரிப்பு வந்து நின்ற இடம் இது. கீழே கடல் போட்ட கணக்கு, மேலே பழைய ஆறு. இது இல்லையென்றால் மேர்த்தொலாவும் இல்லை.

இந்தக் காடுகளில் 2014 டிசம்பரில் ஐபீரிய லிங்ஸ் பூனைகள் இரண்டை விட்டார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்திலேயே நூறுகூட மிஞ்சாத விலங்கு. மனிதர் போன காடு அவற்றுக்கு வசதியாகிவிட்டது, குட்டிகள் பெருகுகின்றன. நீங்கள் பார்த்ததுண்டா என்று கேட்டேன். "அவை எங்களைப் பார்த்திருக்கும்" என்றார்.

திங்கட்கிழமை விடிகாலையில் பேருந்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. துறைக்கு இறங்கினேன். ஆற்றங்கரையில் ரோமானியர் காலத்துக் கடைசியில் கட்டிய கோபுரத்தின் கால்கள் தண்ணீருக்குள் வரிசையாக நிற்கின்றன. மேலே இருந்தது எப்போதோ போய்விட்டது. கொஞ்சம் தள்ளி ஒரு சுவர். 1876 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அம்மாள் காட்டிய இடம், அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. ஆறு இருபது மீட்டருக்கும் மேல் ஏறிய வெள்ளம்.

படகில் ஒரு கிழவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு காய்ந்த கருவாலி இலையைத் தண்ணீரில் போட்டேன். அது தெற்கே, கடலைப் பார்த்துப் போனது. அப்புறம் மெதுவானது. கோபுரத்தின் இரண்டாவது காலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே சுற்றிவிட்டு, என் பக்கம் திரும்பி வரத் தொடங்கியது. கிழவர் நிமிர்ந்து பார்த்து, "ஏறுது" என்றார்.

பேருந்து ஏழு நிமிடம் தாமதமாக வந்தது. என்னையும் சேர்த்து மூன்று பேர் ஏறினோம்.